என்பிஏ அணிகளில் யாருக்கு இடம்? இனமும் அணித் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இன்று ஆடுபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த லீக்கில் 1950 வரை ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. இந்த மாற்றம் எப்படி நடந்தது, இப்போது இனம் பார்த்து ஆள் எடுக்கிறார்களா, சம்பளத்தில் வேறுபாடு உண்டா என்று ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: நட்சத்திர வீரர்களை வைத்துப் பாகுபாட்டை அளக்க முடியாது. பெஞ்சில் கடைசியாக உட்காரும் நாலைந்து பேர் யார் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது எந்த இனத்தவர் எவ்வளவு பேர்?

சமீப ஆண்டுகளில் கறுப்பின வீரர்கள் 70 சதவீதத்துக்குச் சற்று மேல். வெள்ளையர் 17, 18 சதவீதம். மீதி கலப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், மற்றவர்கள். ஆசியர் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 13 சதவீதம் அளவே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990களின் நடுவில் அவர்களின் பங்கு 80 சதவீதத்தைத் தொட்டது. பிறகு குறைந்ததற்கு முக்கியக் காரணம் ஐரோப்பிய வீரர்களின் வரவு.

இந்த எண்களைப் பயன்படுத்தும்போது மூன்று இடங்களில் தவறு நேரும். முதலாவது, எந்த நாளில் எண்ணினார்கள் என்பது. தொடக்க நாள் பட்டியலும் பருவம் முழுக்க ஆடியவர்களின் பட்டியலும் ஒன்றல்ல. இரண்டாவது, மேலணிக்கும் துணை லீக்குக்கும் பொதுவான டூ-வே ஒப்பந்தக்காரர்களைச் சேர்த்தார்களா என்பது. மூன்றாவது, பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவது. யானிஸ் அன்டெட்டோகுன்போ கிரேக்கத்தில் பிறந்தவர், பெற்றோர் நைஜீரியர்கள். அவர் வெளிநாட்டு வீரர், கறுப்பினத்தவரும்கூட. "கறுப்பினத்தவர், வெள்ளையர், வெளிநாட்டவர்" என்று மூன்றாகப் பிரித்துக் கூட்டினால் கணக்கு உதைக்கும்.

ஓர் அணியில் எத்தனை பேர்? எந்த வழியாக உள்ளே வருகிறார்கள்?

மொத்தம் 30 அணிகள். ஒவ்வொன்றிலும் வழக்கமான ஒப்பந்தத்தில் அதிகபட்சம் 15 பேர். இதுபோக 2023-24 பருவத்திலிருந்து 3 டூ-வே இடங்கள். டூ-வே வீரர் துணை லீக்கான ஜி லீக்கிலும் மேலணியிலும் மாறி மாறி ஆடுவார். ஆக 450 முழு இடங்கள், 90 அரை இடங்கள். பருவத்துக்கு முந்தைய காலத்தில் 21 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கும்போது மிச்சப் பேரைக் கழித்துவிடுவார்கள்.

உள்ளே வர முக்கிய வாசல் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு: இரண்டு சுற்று, ஏறத்தாழ 60 பெயர். அமெரிக்க வீரருக்கு டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைவடைய வேண்டும், உயர்நிலைப் பள்ளி வகுப்பு முடிந்து ஓராண்டு கடந்திருக்க வேண்டும். இந்த விதி 2006 டிராஃப்டிலிருந்து அமலில் இருக்கிறது. அதற்கு முன் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள் அநேகமாக எல்லோருமே கறுப்பின இளைஞர்கள் என்பதால், சட்டத்தில் இனம் என்ற சொல்லே இல்லாவிட்டாலும் அடி யார்மேல் விழுந்தது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. டென்னிஸிலோ கோல்ஃபிலோ பதினெட்டு வயதுப் பிள்ளை பணத்துக்கு ஆடினால் யாரும் தடுப்பதில்லை.

டிராஃப்டில் பெயர் வராதவர்கள் கோடை லீக், ஜி லீக், 10 நாள் ஒப்பந்தம் என்று படிப்படியாக ஏறலாம்.

நம் ஊர் இட ஒதுக்கீடு மாதிரி அங்கே இனவாரி ஒதுக்கீடு உண்டா?

இல்லை. இனம் பார்த்து ஆள் எடுப்பதும் நீக்குவதும் 1964 சிவில் உரிமைகள் சட்டப்படி சட்டவிரோதம். முன்பு அங்கே இருந்தது நேர் எதிரானது. இட ஒதுக்கீடு என்பது "இத்தனை பேருக்குக் குறையக் கூடாது" என்கிற தரை. 1950களில் என்பிஏ அணிகள் வைத்திருந்தது "இத்தனை பேருக்கு மேல் போகக் கூடாது" என்கிற கூரை. எழுத்தில் எங்கும் கிடையாது, நடப்பில் இருந்தது.

என்பிஏவின் முதல் கறுப்பின வீரர் யார்? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே?

எதில் முதல் என்பதைப் பொறுத்து பெயர் மாறும். 1950 ஏப்ரல் 25 டிராஃப்டில் பாஸ்டன் செல்டிக்ஸ் இரண்டாம் சுற்றில் சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்தது. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் கறுப்பின வீரர் அவர். அதே டிராஃப்டின் ஒன்பதாம் சுற்றில் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் ஏர்ல் லாய்டை எடுத்தது. நியூயார்க் நிக்ஸ், முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியிடமிருந்து நாட் "ஸ்வீட்வாட்டர்" கிளிஃப்டனை விலைக்கு வாங்கியது.

களத்தில் முதலில் இறங்கியவர் லாய்ட், 1950 அக்டோபர் 31 அன்று ராச்செஸ்டர் ராயல்ஸுக்கு எதிராக. போட்டி அட்டவணை அப்படி அமைந்ததுதான் காரணம். கூப்பர் மறுநாளே ஆடினார், கிளிஃப்டன் அதே வாரத்தில் ஆடினார். லாய்டின் அணி அந்தப் பருவத்தின் பாதியிலேயே கலைந்தது, அவரும் ராணுவச் சேவைக்குப் போனார். திரும்பி வந்து சிராக்கியூஸ் நேஷனல்ஸில் சேர்ந்தார். 1955இல் அந்த அணி பட்டம் வென்றபோது அவரும் ஜிம் டக்கரும் என்பிஏ பட்டம் வென்ற முதல் கறுப்பின வீரர்கள் ஆனார்கள்.

வெள்ளையர் அல்லாத முதல் வீரர் என்று கேட்டால் பதில் இன்னொருவர். 1947-48 பருவத்தில் நிக்ஸ் அணிக்காக மூன்று ஆட்டங்கள் ஆடிய ஜப்பானிய அமெரிக்கர் வாட்டரு மிசாக்கா. அப்போது லீக்கின் பெயர் பிஏஏ. 1949இல்தான் இன்னொரு லீக்கான என்பிஎல்லுடன் இணைந்து என்பிஏ ஆனது.

1950க்கு முன் கறுப்பின வீரர்கள் எங்கே ஆடினார்கள்?

தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட அணிகளில். நியூயார்க்கின் ஹார்லெமில் உருவான ரென்ஸ், முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட அணி. 1939இல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியை வென்றது. மறு ஆண்டு ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் வென்றது. 1948 பிப்ரவரியில் அதே குளோப்டிராட்டர்ஸ், அன்றைய பெரிய நட்சத்திரம் ஜார்ஜ் மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸை 61-59 என்று வீழ்த்தியது. "கறுப்பினத்தவருக்குத் தொழில்முறை ஆட்டம் ஆடும் தகுதி இல்லை" என்ற பேச்சுக்கு அதன் பிறகு ஆதாரமே இல்லை.

அப்படியும் கதவு திறக்க இரண்டாண்டு ஆனது. அதில் பணமும் இருந்தது. குளோப்டிராட்டர்ஸ் உரிமையாளர் ஏப் சேப்பர்ஸ்டீனின் அணி ஓர் ஊருக்கு வந்தால் அரங்கம் நிறையும். அதனால் லீக் ஆட்டத்தோடு குளோப்டிராட்டர்ஸ் ஆட்டத்தையும் ஒரே டிக்கெட்டில் காட்டி வருமானம் பார்த்தன லீக் அணிகள். அவருடைய ஆட்களை நாம் எடுத்தால் அவர் வரமாட்டார் என்ற பயம் உரிமையாளர்களுக்கு இருந்தது.

என்பிஎல் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. 1942-43இலேயே டொலீடோ, சிகாகோ அணிகள் கறுப்பின வீரர்களைச் சேர்த்தன. போரினால் ஆள் பற்றாக்குறை இருந்த காலம் அது.

எழுதப்படாத கோட்டா எப்படி வேலை செய்தது?

யாரும் அறிவிக்கவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனால் 1950களில் ஓர் அணியில் ஒருவர் இருவர், பிறகு மூவர் நால்வர் என்று பெரும்பாலான அணிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஏறின. "சொந்த ஊரில் இரண்டு பேர், வெளியூரில் மூன்று பேர், தோற்கும் நிலை வந்தால் ஐந்து பேர்" என்று அன்றைய வீரர்களிடையே ஒரு பேச்சே இருந்தது. டிக்கெட் வாங்கும் உள்ளூர் வெள்ளையரின் முகம் சுளித்துவிடக் கூடாது என்பது உரிமையாளர்களின் கணக்கு.

இதன் தழும்பு புள்ளிவிவரத்தில் தெளிவாக இருக்கிறது. கூரை இருந்த காலத்தில் கறுப்பின வீரர்களின் சராசரிப் புள்ளிகள் வெள்ளையரைவிட அதிகமாக இருந்தன. காரணம் எளிது. முதல் ஐந்து பேரில் ஒருவராக ஆடும் அளவு திறமை இருந்தால் கறுப்பினத்தவருக்கும் இடம் கிடைத்தது. பத்தாவது, பதினொன்றாவது ஆளாக இருக்கும் அளவுதான் திறமை என்றால் அந்த இடம் வெள்ளையருக்குப் போனது. நடுத்தரத் திறமைக்கு வேலை கிடைப்பதுதான் சமத்துவம். பில் ரஸ்ஸல் போன்ற மாபெரும் நட்சத்திரத்துக்கு வேலை கிடைப்பது அல்ல.

செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணியைப் பாருங்கள். 1956இல் ரஸ்ஸலை எடுக்கும் உரிமை அந்த அணியின் கையில் இருந்தது. அதை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு எட் மெக்காலி, கிளிஃப் ஹேகன் இருவரையும் வாங்கிக்கொண்டது. ஹாக்ஸ் 1958இல் பட்டம் வென்றது. வெள்ளையர் மட்டுமே இருந்த அணி என்பிஏ பட்டம் வென்றது அதுவே கடைசி. ரஸ்ஸல் பாஸ்டனுக்காக 11 பட்டங்கள் வென்றார். 1961இல் அதே ஹாக்ஸ் அணி, வின்ஸ்டன்-சேலத்தில் கறுப்பினத்தவருக்கான கல்லூரியில் ஆடிய கிளியோ ஹில்லை முதல் சுற்றில் எடுத்தது. கார்டு (பந்தைக் கொண்டுசென்று ஆடும் வெளிவட்ட வீரர்) இடத்தில் ஆடிப் புள்ளி குவிப்பவர் அவர். பந்து தங்களுக்கு வருவது குறைகிறது என்று அணியின் மூத்த வீரர்கள் முறையிட்டார்கள். ஹில்லுக்கு ஆதரவாக நின்ற பயிற்சியாளர் பால் சீமர் 14 ஆட்டங்களோடு வேலை இழந்தார். ஹில் பெஞ்சுக்குப் போனார். அந்த ஒரு பருவத்துக்குப் பிறகு எந்த என்பிஏ அணியும் அவரைச் சேர்க்கவில்லை. முதல் சுற்றில் எடுக்கும் அளவு மதிக்கப்பட்டவருக்குப் பெஞ்சில்கூட இடம் இல்லாமல் போனது. கோட்டா என்றால் என்ன என்று கேட்பவருக்கு நாங்கள் முதலில் காட்டுவது இந்தக் கதையைத்தான்.

அது எப்போது உடைந்தது?

ஒரே நாளில் அல்ல. 1964 டிசம்பர் 26 அன்று வெள்ளை வீரர் டாம் ஹைன்சன் காயத்தால் ஆடாததால், பாஸ்டன் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் ரஸ்ஸல், கே.சி. ஜோன்ஸ், சாம் ஜோன்ஸ், சாட்ச் சாண்டர்ஸ், வில்லி நால்ஸ் ஆகிய ஐவரையும் தொடக்கத்திலேயே இறக்கினார். என்பிஏவில் ஐந்து பேரும் கறுப்பினத்தவராகத் தொடங்கிய முதல் ஆட்டம் அது. எதிரணி அதே செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ். பாஸ்டன் வென்றது.

பெஞ்சின் கடைசி இடங்கள் திறந்ததில் போட்டி லீக்குக்குப் பெரும் பங்கு உண்டு. 1967இல் ஏபிஏ தொடங்கியது, என்பிஏவும் புதிய அணிகளைச் சேர்த்துக்கொண்டே போனது. சில ஆண்டுகளில் வேலை இடங்கள் பல மடங்கு பெருகின. திறமையான ஆளை இனம் பார்த்துத் தவிர்த்தால் எதிர் லீக் தூக்கிக்கொண்டு போகும் என்ற நிலை வந்ததும் கூரை தானாக விரிசல் விட்டது. 1979-80இல் நியூயார்க் நிக்ஸ், முழுக்கக் கறுப்பின வீரர்களையே கொண்ட முதல் என்பிஏ அணியாக இருந்தது. அதற்காக அந்த அணி கேட்ட வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல.

இயற்கையாகவே கறுப்பினத்தவருக்குக் கூடைப்பந்து வரும் என்கிறார்களே, உண்மையா?

இந்த வாதத்தைச் சோதிக்க வரலாற்றிலேயே ஒரு வழி இருக்கிறது. 1930களில் நியூயார்க், பிலடெல்பியா கூடைப்பந்தில் முன்னணியில் இருந்தவர்கள் யூதர்கள். பிலடெல்பியா ஸ்பாஸ் என்ற யூத அணி அன்றைய லீக்கில் பட்டம்மேல் பட்டம் வென்றது. 1946 நவம்பர் 1 அன்று பிஏஏவின் முதல் ஆட்டத்தில் முதல் கூடையைப் போட்டவர் நிக்ஸ் அணியின் ஆசி ஷெக்ட்மன், அவரும் யூதர். அப்போது பத்திரிகையாளர்கள் "யூதருக்குப் பிறவியிலேயே தந்திர புத்தி, அதனால் இந்த ஆட்டம் அவர்களுக்குப் பொருந்துகிறது" என்று எழுதினார்கள். யூதக் குடும்பங்கள் நெருக்கடியான நகரப் பகுதிகளிலிருந்து புறநகருக்கு நகர்ந்தன. தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் அந்தப் பகுதிகளில் குடியேறின. பிறவிக் காரணமும் கூடவே இடம் மாறிவிட்டது!

ஆட்டத்துக்கு வேண்டியது ஒரு பந்து, ஒரு வளையம், கொஞ்சம் சிமென்ட் தரை. பேஸ்பாலுக்கு வேண்டிய அளவு திடல் நெரிசலான நகரத்தில் கிடைக்காது. உயரம் கட்டாயம் உதவும், ஆனால் உயரமானவர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். வறுமைதான் வீரர்களை உருவாக்குகிறது என்பதும் அப்படியே சரியல்ல. கறுப்பின வீரர்களைப் பொறுத்தவரை, மிக ஏழ்மையான வீட்டில் பிறந்தவரைவிட ஓரளவு வசதியான குடும்பத்தில் பிறந்தவருக்கே என்பிஏவை எட்டும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சத்தான உணவு, பயண அணிகளுக்குக் கட்டணம், ஒழுங்கான பள்ளி எல்லாம் இதற்கும் வேண்டியிருக்கிறது.

சம்பளத்தில் இன வேறுபாடு இருந்ததா? இப்போது?

இருந்தது. 1985-86 பருவத்தை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள் கான், ஷெரர் இருவரும், ஒரே அளவு திறமை காட்டிய கறுப்பின வீரருக்கு வெள்ளையரைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவாகக் கிடைத்ததாகக் கண்டார்கள். இன்னொரு ஆய்வு வேலைக் காலத்தை அளந்தது. 1980களில் ஒத்த திறமையுள்ள இருவரில் வெள்ளையர் 7.5 பருவங்களும் கறுப்பினத்தவர் 5.5 பருவங்களும் நீடிப்பார்கள் என்று கணக்கு வந்தது. சம்பளத்தைவிட எங்களுக்கு இதுதான் கனமாகப் படுகிறது. இரண்டு பருவம் குறைந்தால் அந்தச் சம்பளம் முழுவதும் போச்சு.

பிந்தைய தரவுகளில் இந்த இடைவெளிகள் பெரும்பாலும் மறைகின்றன. விதிகளும் இதற்கு உதவின. 1995 முதல் முதல் சுற்றுப் புதியவரின் சம்பளம் அவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்ற வரிசைப்படி அட்டவணையில் இருக்கிறது. 1999 முதல் உச்ச சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. அடிமட்டத்தில், எத்தனை ஆண்டு ஆடியவருக்கு எவ்வளவு என்ற குறைந்தபட்சம் உண்டு. பேரம் பேச மிஞ்சியிருப்பது நடுப்பகுதி மட்டுமே. மூத்த வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் அதிகம் என்பதால் அணிகள் அவரைத் தவிர்த்துவிடக் கூடாது என்று, ஓராண்டு ஒப்பந்தங்களில் கூடுதல் தொகையை லீக்கே ஏற்கிறது.

நடுவர்கள் பாகுபாடு காட்டியதாக ஓர் ஆய்வு வந்ததே?

ஜோசஃப் பிரைஸ், ஜஸ்டின் வொல்ஃபர்ஸ் இருவரும் 1991 முதல் 2004 வரையான ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். நடுவர் குழுவின் இனம் வீரரின் இனத்திலிருந்து மாறுபட்டால் அவர்மீது ஃபவுல் (விதிமீறல்) சற்று அதிகமாக விழுந்தது, சுமார் 4 சதவீதம் வரை. 2007இல் செய்தி வெளியானதும் லீக் மறுத்தது. சுவாரசியம் அதற்குப் பிறகுதான்: செய்திக்குப் பிந்தைய ஆண்டுகளை ஆராய்ந்தபோது அந்தச் சாய்வு காணாமல் போயிருந்தது. வேண்டுமென்று செய்யாத சாய்வு, கவனத்துக்கு வந்தாலே குறையக்கூடும் என்பதற்கு இது அரிய சான்று.

ஓர் அணியில் ஐந்தாறு வெள்ளையர் இருந்தால் அது பாகுபாடா?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள், முதலில் கணக்குப் போடுங்கள். லீக்கில் வெள்ளையர் 17.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 15 பேர் அணியில் சராசரியாக 2.6 பேர் வரும். குலுக்கல் முறையில் ஆள் எடுத்தாலும் 5 அல்லது அதற்கு மேல் வெள்ளையர் அமைய ஏறத்தாழ 10 சதவீத வாய்ப்பு உண்டு. 30 அணிகளில் அது 3 அணி. ஒரு வெள்ளையர்கூட இல்லாத அணிக்கான வாய்ப்பு 5.6 சதவீதம், அதாவது ஒன்றிரண்டு அணி. யாருடைய உள்நோக்கமும் இல்லாமலே இவ்வளவும் வரும்.

சந்தேகம் எழ வேண்டிய இடம் வேறு. ஒரே நிர்வாகம் பல பருவங்கள் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்கிறதா? சாய்வு முதல் எட்டுப் பேரில் இருக்கிறதா, ஆட்ட நிமிடமே கிடைக்காத கடைசி இடங்களில் இருக்கிறதா? கழிக்கப்பட்டவரின் எண்களையும் வைத்துக்கொள்ளப்பட்டவரின் எண்களையும் 36 நிமிடத்துக்கு இத்தனை என்று மாற்றி ஒப்பிட்டீர்களா? ஐரோப்பாவில் ஆள் தேடும் பிரிவு வலுவாக உள்ள அணியில் வெள்ளையர் கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

வெளிநாட்டு வீரர்கள் வந்தபின் என்ன மாறியது?

1985இல் பல்கேரியாவின் கியோர்கி குளுச்கோவ் ஃபீனிக்ஸில் சேர்ந்தார். 1989இல் விளாடே டிவாட்ஸ், டிராஜென் பெட்ரோவிச், ஷருனாஸ் மார்ச்சுலியோனிஸ் என்று ஒரே கோடையில் ஒரு வரிசையே வந்தது. 2024-25 தொடக்க நாளில் 43 நாடுகளின் 125 வீரர்கள் இருந்தார்கள். 2019 முதல் 2025 வரை பருவத்தின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது பெற்ற நால்வரும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள்: யானிஸ், செர்பியாவின் நிகோலா யோகிச், கேமரூனில் பிறந்த ஜோயல் எம்பீட், கனடாவின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். அவர்களில் மூவர் கறுப்பினத்தவர். வெளிநாட்டவர் என்றால் வெள்ளையர் என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

பயிற்சியாளர், உரிமையாளர் மட்டத்தில் நிலை என்ன?

மேலே போகப் போக நிறம் மாறுகிறது. முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் பில் ரஸ்ஸல், 1966இல். ஆடிக்கொண்டே பயிற்சியும் தந்து 1968, 1969 பட்டங்களை வென்றார். 1972இல் வேய்ன் எம்ப்ரி மில்வாக்கியின் பொது மேலாளர் ஆனார். 2022-23 தொடங்கியபோது தலைமைப் பயிற்சியாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவர்.

உரிமை மட்டும் அசையவில்லை. பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த முதல் கறுப்பினத்தவர் ராபர்ட் ஜான்சன், சார்லட் அணி. அவரிடமிருந்து 2010இல் வாங்கியவர் மைக்கேல் ஜோர்டன். 2023இல் ஜோர்டன் விற்றதும் அந்தப் பட்டியல் காலியானது. எழுபது சதவீத ஆட்டக்காரர்களைத் தந்த சமூகத்துக்குக் கடைசியில் ஓர் அணிகூடச் சொந்தமில்லை என்பது பெரிய குறை.

ஆசியர்கள், இந்தியர்கள்?

யாவ் மிங் 2002இல் டிராஃப்டின் முதல் தேர்வு. ஜெரமி லின் 2006இல் கலிஃபோர்னியா மாநிலப் பட்டம் வென்ற பள்ளி அணியின் தலைவர். அப்படியும் முதல் நிலைக் கல்லூரி ஒன்றுகூட அவருக்கு விளையாட்டு உதவித்தொகை தரவில்லை. ஹார்வர்டில் ஆடி, டிராஃப்டில் பெயர் வராமல், இரண்டு அணிகளால் கழிக்கப்பட்டு, 2012 பிப்ரவரியில் நிக்ஸில் வெடித்துக் கிளம்பினார். பார்வையாளர் கண்ணுக்கு "கூடைப்பந்து வீரர் மாதிரி" தெரியாதவர் எந்தெந்த வாசலில் நிறுத்தப்படுகிறார் என்பதற்கு அவர் பாதை முழுவதுமே சான்று.

இந்திய வம்சாவளியில் என்பிஏ களம் கண்ட முதல்வர் கனடாவின் சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம், 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோவுக்காக மூன்று ஆட்டங்கள். அதே ஆண்டு பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங்கை டல்லஸ் 52ஆவதாக எடுத்தது. இந்தியாவிலிருந்து டிராஃப்டில் தேர்வான முதல் வீரர் அவர். ஆனால் டல்லஸின் துணை லீக் அணியோடு நின்றுவிட்டார், என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. ஏழடி உயரம் டிராஃப்ட் வரை கொண்டுவந்துவிடும். பதினைந்தாவது இடத்துக்கான போட்டியில் நிற்க, பதின்பருவம் முழுவதும் வாரந்தோறும் தரமான எதிரணிகளோடு ஆடியிருக்க வேண்டும். சத்னாம் அமெரிக்காவில் பயிற்சிக்குச் சேர்ந்தபோதே அவருக்கு 14 வயது.